கடல் கடந்து வந்த கானூன்



உங்களில் எவரேனும் ஒரு மத்ரஸாவின் கணக்கெழுதும் பொறுப்பை ஏற்றிருந்தால், நான் சொல்லப்போவது எளிதில் விளங்கும். எங்கள் மத்ரஸாவில் பெண்பிள்ளைகளுக்கென்று தையல் வகுப்பும் கணினி வகுப்பும் ஏழாண்டுகள் நடந்தன. வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று அதற்குப் பொருளுதவி செய்தது. 2019ஆம் ஆண்டில் உதவியை நிறுத்திக்கொள்வதாகக் கடிதம் வந்தது. உடன் பன்னிரண்டு பக்கப் படிவம் ஒன்றும் வந்தது. எத்தனை மாணவியர் பயின்றனர், எத்தனை சான்றிதழ்கள் வழங்கப்பட்டன, எத்தனை இயந்திரங்கள் வாங்கப்பட்டன என்று கட்டம் கட்டமாகக் கேட்டிருந்தார்கள். பதிவேட்டைப் பார்த்து எண்களை நிரப்பினேன். கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி இருந்தது: எங்கள் உதவி நின்றபின் உங்களிடம் எஞ்சுவது எது? அதன் கீழே கால் பக்கம் வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல், படிவத்தை மடித்து அலமாரியில் வைத்துவிட்டேன்.

அந்த ஆண்டின் இறுதியில்தான் என் மைத்துனர் அழைப்பு விடுத்தார். அவர் தான்சானியாவின் தாருஸ்ஸலாம் நகரில் ஒரு கடையில் பணிபுரிகிறார். “மச்சான், பள்ளி விடுமுறையில் ஒருமுறை வந்துவிட்டுப் போங்களேன், டிக்கெட் என் பொறுப்பு” என்று பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தவர். அவ்வாண்டு சென்றேன். தாருஸ்ஸலாமில் எனக்கு அதிகம் பார்க்க ஒன்றுமில்லை. அங்கிருந்து இரண்டு மணி நேரக் கப்பல் பயணத்தில் ஸான்ஸிபார் தீவு இருக்கிறது. என் கதை அங்கேதான்.

ஸான்ஸிபாரில் வாழ்வோரில் ஏறக்குறைய அனைவரும் முஸ்லிம்கள். பெரும்பாலோர் ஷாஃபிஈ மத்ஹபைச் சார்ந்தவர்கள். நம் கடற்கரை ஊர்களைச் சேர்ந்த வாசகர்களுக்கு இது ஓர் உறவு முறையாகவே தோன்றும். கப்பல் துறையில் இறங்கிக் கல் நகரம் எனப்படும் பழைய பட்டணத்துக்குள் நுழைந்ததும், அந்த உறவு மேலும் நெருங்குகிறது. பவளப்பாறைக் கல்லால் எழுந்த உயர்ந்த வீடுகள். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் தோள் உரசும் சந்துகள். பித்தளைக் குமிழ்கள் பதித்த, செதுக்கு வேலைப்பாடுள்ள கதவுகள். ஒவ்வொரு வீட்டின் வெளிச்சுவரை ஒட்டியும் கல் திண்ணை ஓடுகிறது. ‘பராஸா’ என்கிறார்கள். அஸர் தொழுகைக்குப் பின் முதியவர்கள் அதில் அமர்ந்து காப்பி அருந்துகிறார்கள். சிறுவர்கள் கடந்து செல்லும்போது “ஷிகமூ” என்று மரியாதை சொல்ல, முதியவர் “மரஹபா” என்று ஏற்றுக்கொள்கிறார். கிதாப் அங்கே ‘கிதாபு’. கபர் அங்கே ‘ஹபாரி’. ஸ்வாஹிலி மொழியை அவர்கள் நெடுங்காலம் அரபி எழுத்தில்தான் எழுதி வந்தார்கள். நம் மூதாதையர் தமிழை அரபி எழுத்தில் எழுதி அரபுத்தமிழ் கண்டதை எண்ணிப் பாருங்கள். மௌலிது ஓதும் பழக்கமும் உண்டு. பர்ஸஞ்சி மௌலிதை அவர்கள் ஸ்வாஹிலியிலும் ஓதுகிறார்கள்.

நான் ஊர் பார்க்க வந்தவன். இசை பற்றி ஆராய வந்தவன் அல்லன். இருந்தும் கடற்கரைச் சாலையில் நடந்தபோது, பழைய சுங்க மாளிகையின் மேல்தளத்திலிருந்து ஒரு நரம்பிசை கேட்டது. நின்றுவிட்டேன். காரணம் இசையின் இனிமை மட்டுமன்று. அது எனக்குத் தெரிந்த ராகமாக இருந்தது. எங்கள் மத்ரஸாவில் கிராஅத் கற்பித்த காலஞ்சென்ற உஸ்தாது எப்போதும் ஓதத் தொடங்கும் அதே ஓசை. எகிப்தியக் காரிகள் ஓதலை ‘பயாத்தி’ என்னும் மகாமில் தொடங்குவது மரபு. அப்துல் பாசித் அவர்களின் ஒலிநாடாக்களைக் கேட்டு வளர்ந்த என் தலைமுறைக்கு அந்த ஓசை தாலாட்டுப் போன்றது. கெய்ரோவின் ஓசை, இந்துமாக் கடலின் இந்தத் தீவில், ஒரு சுங்க மாளிகையின் சன்னல் வழியே எப்படி வந்தது?

மேலே ஏறிச் சென்று கேட்டேன்.

அதற்கு முன் ஒன்று சொல்லிவிட வேண்டும். இசைக் கருவிகளைப் பற்றி மார்க்க அறிஞர்களிடையே உள்ள கருத்து வேறுபாடுகளை நான் அறியாதவன் அல்லன். நம் மத்ஹபின் நூல்களில் நரம்புக் கருவிகள் குறித்து என்ன கூறப்பட்டுள்ளது என்பதை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவனே நான். இமாம் கஸ்ஸாலி அவர்கள் தம் இஹ்யாவில் ‘ஸமா’ என்னும் கேட்டலுக்காகவே ஒரு பகுதியை ஒதுக்கி, எது எப்போது ஆகும், எது ஆகாது என்று நுணுகி ஆராய்ந்திருப்பதையும் படித்தவன். இக்கட்டுரை ஃபத்வா அன்று. ஒரு நாடு இன்னொரு நாட்டுக்கு ஒரு கலையைக் கற்றுக்கொடுத்தால் அது எப்படி வேர்பிடிக்கிறது என்பதை ஸான்ஸிபாரில் கண்டேன். அதை மட்டும் உங்களுக்குச் சொல்கிறேன்.

மேல்தளத்தில் ஒரு முதியவர், மடியில் பெரிய பலகை போன்ற கருவியை வைத்துச் சுருதி கூட்டிக்கொண்டிருந்தார். அதன் பெயர் கானூன். நமக்குக் கானூன் என்றால் சட்டம்! இதிலும் சட்டத்தின் சிக்கல் இருக்கிறது. எழுபதுக்கும் மேற்பட்ட தந்திகள். மும்மூன்று தந்திகள் சேர்ந்து ஒரே சுரம். இரு ஆட்காட்டி விரல்களிலும் மோதிரம் போன்ற வளையம் அணிந்து, அதில் செருகிய சிறு தகட்டால் மீட்டுகிறார்கள். கடற்காற்றின் ஈரத்தில் தந்திகள் நெகிழ்ந்துவிடுவதால், “வாசிக்கும் நேரத்தைவிடச் சுருதி கூட்டும் நேரமே அதிகம்” என்று சிரித்தார் அந்த முதியவர். அவருக்கு அரபி ஓரளவு தெரிந்திருந்தது. என் அரபி கிதாபு அரபி. இருவரும் எப்படியோ பேசிக்கொண்டோம். சிக்கல் வந்த இடங்களில் ஆங்கிலம் அறிந்த மாணவன் ஒருவன் உதவினான்.

அவர் சொன்னதும், பின்னர் நான் படித்தறிந்ததும் இதுதான். 1870 முதல் 1888 வரை ஸான்ஸிபாரை ஆண்ட சுல்தான் ஸெய்யிது பர்கஷ், ஓமான் வழி வந்தவர். இளமையில் தமையனுடன் பகைத்துப் பம்பாயில் நாடு கடத்தப்பட்டு வாழ்ந்தவர், உலகம் பார்த்தவர். ‘பைத்துல் அஜாயிப்’ என்னும் அற்புத மாளிகையை 1883இல் கட்டியவர். அவர் தம் அரண்மனைக்கு எகிப்திலிருந்து இசைக்குழுவை வரவழைத்தார். பிறகு, வந்தவர்கள் வாசித்துவிட்டுப் போனால் நமக்கு என்ன மிச்சம் என்று எண்ணினார் போலும். முஹம்மது இப்ராஹீம் என்பவரைக் கெய்ரோவுக்கு அனுப்பிக் கானூன் கற்று வரச் செய்தார் என்று அத்தீவின் இசைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். கற்றுத் திரும்பியவர் மற்றவர்களுக்குக் கற்பித்தார். அங்கிருந்து தொடங்குகிறது ‘தாரப்’. உள்ளம் நெகிழ்தல் என்னும் பொருள்படும் ‘தரப்’ என்ற அரபிச் சொல்லே அதன் வேர்.

ஒருவர் சென்று கற்று வந்து பிறருக்குக் கற்பித்தார் என்னும் இச்செய்தியை வாசகர்கள் சற்று நின்று நினைக்க வேண்டுகிறேன். நம் மத்ரஸாக்களில் ஸனது என்கிறோமே, உஸ்தாதிடமிருந்து மாணவருக்கும் அவரிடமிருந்து அவர் மாணவருக்கும் இறங்கிவரும் சங்கிலி, அதுவே இங்கும் நடந்தது. கருவிகள் வந்தன என்பதைவிட, கருவியை வாசிக்கும் ஒரு மனிதர் வந்தார் என்பதே பெரிது.

1905இல் பட்டணத்து இளைஞர்கள் சிலர் கூடி ‘நாதி இக்வான் ஸஃபா’ என்னும் மன்றத்தை அமைத்தார்கள். பத்தாம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த ‘தூய சகோதரர்கள்’ என்னும் அறிஞர் குழுவின் பெயர் அது. அக்குழுவினர் எழுதிய நிருபங்களில் இசைக் கணிதம் பற்றிய ஒன்றும் உண்டு என்பதால் பெயர் பொருத்தமாகவே அமைந்தது. மன்றத்தார் எகிப்திலிருந்து கருவிகளை வரவழைத்துக்கொண்டார்கள். இங்கேதான் அரண்மனையின் சொத்து பட்டணத்தாரின் சொத்தாக மாறத் தொடங்குகிறது. ஆனாலும் பாடியது அரபியில். பாடியவர்களிலும் கேட்டவர்களிலும் பலருக்குப் பொருள் தெரியாது. நாம் அவர்களைக் குறை சொல்ல உரிமையற்றவர்கள்! நம் மௌலிது மஜ்லிஸ்களில் பொருள் அறிந்து ஓதுவோர் எத்தனை பேர்?

அந்தப் பூட்டைத் திறந்தவர் ஒரு பெண். ஃபும்பா என்னும் சிற்றூரில் 1880ஆம் ஆண்டளவில், அடிமைகளாக இருந்த பெற்றோருக்குப் பிறந்தவர். மண்பானை விற்றுப் பிழைத்தவர். சித்தி பிந்த் ஸஅத் என்று வரலாறு அவரை அறிகிறது. பானை விற்கும்போது கூவிய குரலே அவரை ஊருக்கு அடையாளம் காட்டியது என்பர். 1911இல் பட்டணத்துக்கு வந்து பாடக் கற்றார். அவர் ஸ்வாஹிலியில் பாடினார். அரண்மனையும் செல்வர் மனைகளும் இருந்த கல் நகரத்துக்கு எதிரே, ஓடைக்கு அப்பால் ஏழைகள் வாழ்ந்த பகுதிக்கு ‘ங்கம்போ’ என்று பெயர். ‘அக்கரை’ என்பதே அதன் பொருள். அந்த அக்கரையின் துயரங்கள் அவர் பாட்டில் ஏறின: கொலையுண்ட ஒரு பெண், நீதி தவறிய ஒரு தீர்ப்பு, மனைவியை அடிக்கும் கணவன். 1928இல் அவரும் குழுவினரும் கப்பலேறிப் பம்பாய்க்கு வந்து இசைத்தட்டுகளுக்காகப் பாடிச் சென்றார்கள். நம் நாட்டு மண்ணில் பதிவான அக்குரல் கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரை நெடுகிலும் ஒலித்தது. 1950இல் அவர் மறைந்தார். ஸ்வாஹிலியின் பெருங்கவிஞர் ஷஅபான் ராபர்ட் அவருடைய வரலாற்றை நூலாக எழுதினார். ஒரு பானைக்காரப் பெண்ணுக்குக் கிடைத்த சிறப்பை எண்ணி வியந்தேன்.

இது நடந்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும்? 1964 சனவரி 12ஆம் நாள் ஸான்ஸிபாரில் புரட்சி வெடித்தது. சுல்தான் தப்பியோடினார், அரபியர் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டனர், எஞ்சியோரில் பலர் தீவைவிட்டு வெளியேறினர். அவ்வளவு குருதி சிந்திய பின்பும் அரபு நாட்டிலிருந்து வந்த இக்கலை அழியவில்லை. அதற்குள் அது அக்கரை மக்களின் மொழியைப் பேசத் தொடங்கிவிட்டிருந்தது என்பதே காரணம் என்று நான் கருதுகிறேன். சுல்தானின் கலையாக மட்டும் இருந்திருந்தால் சுல்தானுடனேயே கப்பலேறியிருக்கும்.

எகிப்தின் கொடை அத்துடன் முடியவில்லை. 1950களில் கெய்ரோ வானொலி கடல் கடந்து ஒலித்தது. எகிப்தியத் திரைப்படங்கள் வந்தன. உம்மு குல்தூமின் குரல் காப்பிக் கடைகள்தோறும் கேட்டது. அந்தப் பெருங்குழு முறையைப் பார்த்து ஸான்ஸிபார் மன்றங்களும் வயலின்களை வரிசையாக அமர்த்தி, அக்கார்டியனும் செல்லோவும் சேர்த்துக்கொண்டன. 1958இல் தோன்றிய ‘கல்ச்சர் மியூசிகல் கிளப்’ அவ்வழியில் புகழ்பெற்றது. ஆனால் தாளத்தில் மட்டும் அவர்கள் எகிப்துக்குக் கட்டுப்படவில்லை. ஆப்பிரிக்க முழவுகளின் நடையைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். கெய்ரோக்காரர் ஒருவர் இதைக் கேட்டால் பாதி தம்முடையது என்பார். மீதி எதுவென்று கேட்பார்.

இந்த நட்பில் ஒரு குறையும் உண்டு. எகிப்து கொடுத்தது, ஸான்ஸிபார் பெற்றது. ஸான்ஸிபாரிலிருந்து எகிப்து எதையும் கற்றதாக அந்த முதியவருக்குத் தெரியவில்லை. “அவர்கள் எங்களைக் கேட்டதில்லை” என்றார். குற்றச்சாட்டாக அல்ல, வானிலையைச் சொல்வதுபோலச் சொன்னார்.

இனி, அந்தச் சுங்க மாளிகைக்கு வருவோம். அங்கிருந்தது ‘தோ’ எனப்படும் பாய்க்கப்பல் நாடுகளின் இசைக்கழகம். 2002இல் தொடங்கப்பட்டது. மன்றங்களின் முதியோர் மறைந்துகொண்டிருக்க, ஊத், கானூன், வயலின், முழவு ஆகியவற்றை முறைப்படி இளையோருக்குக் கற்பிக்க வேண்டும் என்பதே நோக்கம். பல நாடுகளின் நன்கொடைகள் அதைத் தாங்கின. அவற்றுள் நார்வே நாட்டுத் தூதரகம் பல ஆண்டுகள் முக்கியப் புரவலராக இருந்தது. பனி உறையும் வடதுருவத்தை ஒட்டிய நாட்டுக்கும் கிராம்பு மணக்கும் இத்தீவுக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். ஏழை நாடுகளுடன் பண்பாட்டுத் துறையிலும் ஒத்துழைக்க வேண்டும் என்பது நார்வேயின் நெடுநாள் கொள்கை. இரு நாட்டு இளைஞர்களும் ஒருவர் நாட்டுக்கு ஒருவர் சென்று கற்றும் கற்பித்தும் வந்தார்கள். எகிப்து செய்யாத ஒன்றை நார்வே செய்தது: கேட்கவும் செய்தது.

இதன் பயனைக் கண்ணாரக் கண்டேன். முக்காடிட்ட இளம்பெண் ஒருத்தி ஓர் அறையில் தனியே அமர்ந்து ஊத் பழகிக்கொண்டிருந்தாள். பழைய மன்றங்களில் பெண்கள் பாடுவார்கள். கருவிகள் பெரும்பாலும் ஆண்கள் கையில் இருக்கும். இக்கழகம் அந்த வழக்கத்தைச் சத்தமில்லாமல் மாற்றிவிட்டது. இங்கு பயின்ற இளையோர் சிலர் பின்னாளில் குழு அமைத்து, அந்தப் பானைக்காரச் சித்தியின் பெயரையே அதற்குச் சூட்டிக்கொண்டார்கள். செவிவழியாக மட்டுமே வந்த பாடல்கள் இங்கே தாளில் எழுதப்பட்டன. முதியவர் இறந்தால் பாடலும் இறக்கும் நிலை ஓரளவு நீங்கிற்று. இவற்றையெல்லாம் நான் சிறியவையாக எண்ணவில்லை.

ஆனால் நான் சென்ற 2019இல் கழகம் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. தூதரகங்களின் உதவி வற்றிவிட்டது. பள்ளி மூடப்படலாம் என்ற செய்தி உலகப் பத்திரிகைகளிலும் வந்திருந்தது. மாதக் கட்டணம் சொற்பமே. அதையும் பல மாணவர்களால் கட்ட இயலவில்லை. ஆசிரியர் சம்பளம் தடுமாறியது. கானூன் முதியவரிடம் இதைக் கேட்டபோது அவர் பதில் சொல்லவில்லை. ஒரு தந்தியை முறுக்கி, விரலால் தட்டிக் கேட்டு, மீண்டும் முறுக்கினார்.

எனக்கு அங்கே என் அலமாரியில் கிடந்த படிவம் நினைவுக்கு வந்தது.

வாசகர்களே, சுல்தான் காலத்து எகிப்திய உறவுக்கும் நம் காலத்து நார்வே உறவுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை அன்றிரவு ஃபோரோதானி பூங்காவில் அமர்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன். கடற்கரையில் விளக்குகள் வரிசையாக எரிந்தன. கரும்புச்சாறும் சுட்ட மீனும் விற்றார்கள். பக்கத்தில் அற்புத மாளிகை இருண்டு பூட்டிக் கிடந்தது. நோர்வேக்காரர்கள் கருணையில் குறைந்தவர்களா? இல்லை, சுல்தானைவிட நேர்மையாகவே கொடுத்தார்கள். புகழுக்காக அரண்மனையில் வாசிக்கச் சொல்லவில்லை. ஆனால் அவர்களுடைய உதவி பெரும்பாலும் ஆண்டுக்கு ஆண்டு கரையும் செலவுகளுக்குச் சென்றது: சம்பளம், வாடகை, மின்சாரம். எந்தப் பள்ளிக்கும் இவையே முதற்செலவு என்பது எனக்குத் தெரியாதா? இருப்பினும் அந்தச் செலவை ஏற்க உள்ளூரில் ஒருவரும் ஆயத்தமாகவில்லை என்பதை அவ்வளவு ஆண்டுகளில் எவரும் பெரிதாகக் கேட்டதாகத் தெரியவில்லை. வக்ஃபு என்பதை உலகுக்குச் சொல்லிக்கொடுத்த சமுதாயத்தார் நாம். ஒரு கடையின் வாடகையை, ஒரு தென்னந்தோப்பின் வருவாயைப் பள்ளிக்கு எழுதிவைப்பது நமக்குப் புதிதன்று.

குற்றத்தைக் கொடுத்தவர்கள் மீது மட்டும் சுமத்துவதும் நீதியன்று. அடுத்த நாள் ஒரு திருமண வீட்டின் அருகே செல்ல நேர்ந்தது. உள்ளே பெண்கள் கூட்டம். ஒலிபெருக்கியில் ‘நவீன தாரப்’ அதிர்ந்தது. 1990களில் எழுந்த இவ்வகையில் மின்விசைப் பலகையும் கித்தாரும் போதும்; பத்து வயலின்காரர்களுக்குக் கூலி கொடுக்க வேண்டியதில்லை. பாடல்களில் ஒருவரை ஒருவர் குத்திக்காட்டும் ஏச்சும் உண்டு, ‘மிபாஷோ’ என்பார்கள். கேட்போர் பணத்தாளை எடுத்து ஆட்டிக்கொண்டு போய்ப் பாடகியிடம் கொடுக்கிறார்கள். மக்கள் விரும்பிப் பணம் கொடுப்பது இதற்கு. வெளிநாட்டார் பணம் கொடுத்தது அதற்கு. ஊரார் விரும்பியும் விலை கொடுக்க முன்வராத ஒன்றை அயலார் எத்தனை நாள் தாங்க முடியும்?

மின்விசைப் பலகையால் ஒரு நட்டமும் உண்டு. கானூன் முதியவர் அதை வாசித்தே காட்டினார். பயாத்தி மகாமில், பலகையின் ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் இடையே விழும் ஒரு சுரம் இருக்கிறது. சாதாரணப் பலகையில் அதற்கு இடமே இல்லை. கானூனில் தந்தியடியில் உள்ள சிறு நெம்புகோலைத் தட்டினால் அந்தச் சுரம் வந்து அமர்கிறது. அவர் தட்டினார், என் உஸ்தாதின் குரல் வந்தது. மறுபடி, அந்தச் சுரம் இல்லாமல் வாசித்துக் காட்டினார். அறிமுகமான முகத்தில் மூக்கை மட்டும் மாற்றியது போலிருந்தது. பக்கத்தில் இருந்த மாணவனிடம் “உனக்கு வித்தியாசம் தெரிகிறதா?” என்று கேட்டேன். “தெரிகிறது. இங்கு வந்த முதலாண்டு தெரியவில்லை” என்றான். அவனுக்குப் பத்தொன்பது வயதிருக்கும். ஊர் திரும்பினால் மூன்று சிறுவர்களுக்குத் தன் வீட்டுப் பராஸாவில் வயலின் சொல்லிக்கொடுக்கிறானாம். கட்டணம் உண்டா என்றேன். “ஒருவன் மீன் கொண்டுவருவான்” என்று சிரித்தான். அந்த மூவரும் கழகத்தின் பதிவேட்டில் இல்லை. எந்த நாட்டின் அறிக்கையிலும் அவர்கள் எண்ணப்பட்டிருக்க மாட்டார்கள். முஹம்மது இப்ராஹீமிடம் கற்றவர்களையும் அன்று யாரும் எண்ணி வைக்கவில்லை.

ரமளான் வந்துவிட்டால் தீவில் பாட்டு ஓய்ந்துவிடும். பெருநாள் இரவுகளில் மீண்டும் கருவிகள் உறைகளிலிருந்து வெளிவரும் என்றார்கள். நான் சென்றது அந்தக் காலமன்று. பெருநாள் தாரபைக் கேட்கும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை. விடைபெறும்போது முதியவர் என் மத்ரஸாவைப் பற்றி விசாரித்தார். தையல் வகுப்பு நின்றுவிட்டது என்றேன். “தைக்கத் தெரிந்தவள் யாராவது ஊரில் இருக்கிறாளா?” என்று கேட்டார். நான் உடனே பதில் சொல்லவில்லை.

சென்ற ஆண்டுகளில் தீவில் பல நடந்துவிட்டன. 2020 திசம்பர் 25ஆம் நாள், ஓமான் நாட்டு உதவியில் பழுதுபார்க்கும் வேலை நடந்துகொண்டிருந்தபோதே, அந்த அற்புத மாளிகையின் முன்பகுதி இடிந்து விழுந்தது; இருவர் இறந்தனர். சுல்தான் பர்கஷ் கட்டிய கல் விழுந்தது. இசைக்கழகமோ மூடப்படவில்லை. தட்டுத் தடுமாறிக் கொள்ளைநோய்க் காலத்தையும் கடந்தது என்றறிந்து, அல்ஹம்துலில்லாஹ் என்றேன். இசைக் கழகத்துக்கு அல்ஹம்துலில்லாஹ் சொல்லலாமா என்று என்னுடன் பணிபுரியும் இளைய மௌலவி ஒருவர் கேட்டார். சம்பளம் வராத ஆசிரியர்கள் பிழைத்தார்கள் என்பதற்குச் சொன்னேன் என்றேன்.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாகத் தையல் வகுப்பின் பழைய பதிவேட்டை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போனேன். சான்றிதழ் பெற்ற நூற்றுச் சொச்சம் பிள்ளைகளில் பலர் மணமாகி வெளியூர் போய்விட்டார்கள். சிலர் இயந்திரத்தைத் தொட்டே பல ஆண்டுகள் ஆயின என்றார்கள். மேலத் தெருவின் கடைசி வீட்டில் ஒருத்தி இருந்தாள். வகுப்புக்குத் தாமதமாக வருகிறாள் என்று நானே இருமுறை பெயரடிக்கப் பார்த்தவள். தேர்வுக்கு வராததால் சான்றிதழும் பெறாதவள். திண்ணையில் பழைய மிதி இயந்திரம் ஒன்றைப் போட்டுக்கொண்டு, பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள். காலடியில் இரண்டு சிறுமிகள் துண்டுத் துணியில் விளிம்பு மடித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். “வாங்க ஹஜ்ரத்” என்று எழுந்தவள், முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, “இதுக நம்ம மத்ரஸாப் பிள்ளைகதான், சும்மா வந்து உக்காந்துக்குவாங்க” என்றாள்.

படிவத்தின் கடைசிப் பக்கத்தில் அவளைப் பற்றி நான்கு வரி எழுதி அனுப்பினேன். ஒரு மாதம் கழித்து அறக்கட்டளையிலிருந்து கடிதம் வந்தது. நான் குறிப்பிட்ட பெண்ணின் சான்றிதழ் எண்ணைத் தெரிவிக்கும்படி கேட்டிருந்தார்கள்.